தீயணைப்பாளர் பயிற்சிக்கு விடுதியில் தங்குவது உண்மையிலேயே தேவையா?

ஏப்ரல் 6, காலை 8.10 (வாசகர் கேள்வி)

என் கணவர் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தீயணைப்பாளராகத் தேர்வாகியிருக்கிறார். எங்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பயிற்சி மையம் வீட்டிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவுதான். ஆனாலும் ஏறத்தாழ மூன்று மாதமும் அங்கேயே தங்க வேண்டும் என்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பினால் என்ன குறைந்துவிடும்? வகுப்பும் உடற்பயிற்சியும் பகலில்தானே நடக்கின்றன? மீதி நேரமெல்லாம் அறையைப் பெருக்குவதிலும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதிலும் கழிகிறது என்று முன்பே பயிற்சி முடித்த உறவினர் ஒருவர் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 6, இரவு 9.35

சகோதரி, உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. பெருக்கலும் உண்டு, பாலிஷும் உண்டு. நான் தீயணைப்பாளராகச் சேர்ந்து, முன்னணி தீயணைப்பாளராகி, இடையில் சில ஆண்டுகள் மாவட்டப் பயிற்சி மையம் ஒன்றில் பயிற்றுநராகவும் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் உள்ள மாநிலப் பயிற்சி மையத்தில் இடம் போதாத அளவுக்கு ஆள் எடுக்கும் ஆண்டுகளில் மாவட்டங்களில் தற்காலிக மையங்களைத் திறப்பார்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் அமைந்திருப்பதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

தங்க வேண்டியதற்கான முதல் காரணம் மிக எளியது. இந்த வேலையே பாதி நாட்களை நிலையத்தில் தங்கிக் கழிக்கும் வேலை. 24 மணி நேரப் பணி, 24 மணி நேர ஓய்வு என்ற முறையில் பழகியவன் நான். இரவு நிலையத்தில் படுத்திருப்போம். மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவனின் கை, தேடாமல் காற்சட்டைக்கும் காலணிக்கும் தலைக்கவசத்துக்கும் போக வேண்டும், கால்கள் வண்டியில் தன் இருக்கைக்குப் போக வேண்டும். முழுதாக விழிப்பதற்கு முன்பே உடல் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் இவை. பகல் பத்து மணி வகுப்பில் இவற்றை விளக்கலாம்; பழக்க முடியாது.

ஏப்ரல் 7, காலை 6.50

இரவுப் பயிற்சியில் அப்படி என்ன நடக்கும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரே ஓர் இரவைச் சொல்கிறேன்.

நள்ளிரவு தாண்டி மணி அடித்து, பயிற்சி பெறுபவர்களை எழுப்பி, மையத்துக்கு அருகில் இருந்த பாசனக் கிணற்றுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். கிணற்றிலிருந்து நீரெடுத்து இரண்டு பிராஞ்சுகளில் (குழாய் நுனியில் மாட்டி நீரைப் பீய்ச்சும் குழல்) அடிக்க வேண்டும் என்பதுதான் கட்டளை. சக்‌ஷன் குழாய்களைப் பூட்டினார்கள், வடிகட்டியை மாட்டினார்கள், கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள், எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பம்பை ஓட்டி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றத் தொடங்கினால், வெற்றிட மானியின் முள் சிறிது ஏறுகிறது, உடனே இறங்குகிறது. நீர் வரவில்லை. எல்லோரும் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் மட்டும் தரையில் மண்டியிட்டு, சக்‌ஷன் குழாயின் ஒவ்வொரு இணைப்பாகக் கன்னத்தை அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டாவது இணைப்பில் காற்று உள்ளே இழுக்கப்படுவது கன்னத்தில் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷரே இல்லை. அன்று மாலை குழாய்களைக் கழுவியபோது யாரோ அதை எடுத்துத் திண்ணைச் சுவரில் காயவைத்திருக்கிறார்கள், திரும்பப் போடவில்லை.

பம்பு நீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி ஏறத்தாழ 10 மீட்டர் வரை ஏற வேண்டும். நடைமுறையில் 7 மீட்டரே பெரிய காரியம். நம் ஊர்க் கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் அந்த எல்லையில்தான் நிற்கும். அதற்கு மேல் ஓர் இணைப்பில் காற்றுக் கசிவும் இருந்துவிட்டால், எவ்வளவு பெரிய வண்டி கொண்டுவந்து நிறுத்தினாலும் சொட்டு நீர் வராது.

அந்த இரவுக்குப் பிறகு, இணைப்பைப் பூட்டுவதற்கு முன் அதற்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காத ஒருவரை அந்த அணியில் நான் பார்க்கவில்லை. மாலையில் கழுவுவதும் காயவைப்பதும் வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் எடுபிடி வேலைகள் என்று உங்கள் உறவினர் நினைத்திருக்கலாம். கழுவியவரே இரவில் பூட்டவும் நேர்ந்தால்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரியும். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவருக்கு வாஷர் என்பது கரும்பலகையில் வரைந்த ஒரு வட்டம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 7, பிற்பகல் 1.15

"இரவுப் பயிற்சி உள்ள நாட்களில் மட்டும் தங்கச் சொல்லலாமே" என்கிறார் ஒருவர். முன்கூட்டியே அறிவித்தால் அது இரவுப் பயிற்சியே அல்ல. எல்லோரும் காலணியைப் போட்டுக்கொண்டே படுத்திருப்பார்கள்.

இந்தச் சிந்தனை ஒன்றும் புதிதல்ல. எடின்பரோ நகரில் 1824-இல் தீயணைப்புப் படையை அமைத்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தன் ஆட்களை அதிகாலை நான்கு மணிக்கு வீதியில் இறக்கிப் பழக்கினார். இருட்டில் கருவிகளைக் கையாள்வது பழக வேண்டும், அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இருக்காது என்பதே அவர் கணக்கு. அவர் ஆட்கள் கொத்தனார், தச்சர், கூரை வேய்பவர் எனப் பல தொழில் செய்தவர்கள். கட்டடம் எப்படி எழுகிறது என்று தெரிந்தவனுக்கு அது எப்படி விழும் என்பதும் தெரியும் என்று நம்பி அப்படிப்பட்டவர்களையே தேர்ந்தெடுத்தார். பிற்பாடு லண்டன் படையின் தலைவரான அவர், 1861-இல் டூலி தெருத் தீயில் சுவர் சரிந்து விழுந்து இறந்தார்.

ஏப்ரல் 9, இரவு 10.20

கோவை நண்பர் ஒருவர் நல்ல அடியாக அடித்திருக்கிறார். ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கினால்தான் ஒருவரை ஒருவர் நம்பும் அணி உருவாகும் என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வோம். அவர் கேட்பது இதுதான்: பயிற்சி முடிந்ததும் அணியைக் கலைத்து, மாநிலம் முழுவதும் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு ஆளுக்கு ஒரு திசையாக அனுப்பிவிடுகிறீர்கள், மூன்று மாதம் பழகிய தோழர்கள் யாரும் முதல் தீயில் பக்கத்தில் இருக்கப் போவதில்லை, பிறகு அந்த நட்பால் என்ன பயன்?

இரண்டு நாளாக இதை யோசித்தேன். நட்பு என்ற காரணத்தை நான் விட்டுவிடுகிறேன். அது நல்லதுதான், இன்றும் பயிற்சித் தோழர்களின் வீட்டுத் திருமணங்களுக்குப் போய்வருகிறேன், ஆனால் அதற்காக அரசு மூன்று மாதம் சோறு போட வேண்டியதில்லை.

அணிப் பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒன்றாம் எண் பொறுப்பாளர். மற்ற எண்களில் யார் பிராஞ்சைப் பிடிப்பது, யார் குழாயை உருட்டி விரிப்பது, யார் இணைப்பைப் பூட்டுவது, யார் பம்பருகில் நிற்பது என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் எண்கள் மாறும். நேற்று பிராஞ்சைப் பிடித்தவர் இன்று குழாயைச் சுமப்பார். இப்படித் திரும்பத் திரும்பச் செய்து, எந்த எண் எந்த விநாடியில் எங்கே இருப்பார் என்பது ஆளின் முகத்தைப் பொறுத்ததாக இல்லாமல் எண்ணைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறது. ஆகவே கிருஷ்ணகிரியில் பழகியவர் திருச்செந்தூரில் பணியில் சேர்ந்த அன்றே தீக்குப் போக நேர்ந்தாலும், முன்பின் பார்த்திராத மூன்றாம் எண் தன் முதுகுக்குப் பின்னால் சரியான இடத்தில் நிற்பார் என்று திரும்பிப் பார்க்காமலே முன்னே போகலாம். கலைந்து போகப் போகிறவர்கள் என்பதால்தான் இந்தப் பயிற்சி இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. நண்பரின் கேள்வியால் என் பதில் மாறியிருக்கிறது, முடிவு மாறவில்லை.

15 மீட்டர் நீளமும் 63 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு குழாயில் நீர் நிறைந்தால் சுமார் 47 லிட்டர். அதாவது ஒரே ஒரு குழாய்த் துண்டின் எடை கணப்பொழுதில் 47 கிலோ கூடுகிறது. "வாட்டர் ஆன்" என்ற கட்டளை ஐந்து விநாடி முன்பாக வந்துவிட்டால், மாடிப்படியில் பாதியில் நிற்பவரை அந்தக் குழாய் கீழே இழுத்துவிடும். எண்களின் ஒழுங்கு எதற்காக என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

ஏப்ரல் 9, இரவு 10.45

எண்களைப் பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தது. இரண்டாம் மாதத்தில் மெஸ்ஸில் "நாலாம் நம்பர், சாம்பார்" என்று குரல் கொடுப்பார்கள். வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் எழுந்துவிடுவார்.

ஏப்ரல் 10, இரவு 8.30

ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் எழுதியதற்குப் பதில். அங்கே பெரும்பாலான ஊர்களில் தீயணைப்பது தன்னார்வலர்கள்தான் என்பதும், அமெரிக்காவிலும் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தன்னார்வலர்களே என்பதும் உண்மை. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையிலும் வார இறுதியிலும் பழகுகிறவர்கள் அவர்கள். விடுதியே பார்க்காமல் நல்ல தீயணைப்பாளர் ஆக முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் அதே ஊரில், அதே கொட்டகையில், அதே வண்டியோடு ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். சிறு வயதிலேயே இளையோர் பிரிவில் சேர்ந்து குழாயைச் சுருட்டக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள் பலர். இங்கே எழுத்துத் தேர்வும் உடல்திறன் தேர்வும் எழுதிவிட்டு வருகிற இளைஞர் அதுவரை பிராஞ்சைக் கையில் தொட்டதே இல்லை. 1500 மீட்டர் ஓடுவார், கயிறு ஏறுவார், அவ்வளவுதான். அங்கே ஆண்டுகளில் பரவிக் கிடக்கும் பழக்கத்தை இங்கே சில வாரங்களில் அடைத்துக் கொடுக்கிறோம். அதற்கு மாலைப் பொழுதும் இரவும் தேவைப்படுகின்றன. நமக்குக் காலம் தாராளமாக இருந்தால், பகல்நேரப் பயிற்சி ஓராண்டு என்று வைத்தாலும் நான் எதிர்க்க மாட்டேன்.

ஏப்ரல் 12, காலை 7.05

இப்போது உங்கள் உறவினரின் கட்சிக்குக் கொஞ்சம் வருகிறேன்.

தங்க வைப்பது சரி. தங்கியிருக்கும் நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. நான் இருந்த மையத்தில் நிறைவு அணிவகுப்பு நெருங்க நெருங்க மற்ற பயிற்சிகள் சுருங்கிக்கொண்டே போயின. சிறப்பு விருந்தினர் வரப்போகிறார், வரிசை கோணக்கூடாது, கை தோளுயரத்துக்கு எழ வேண்டும், வெள்ளைக் கையுறை வேண்டும் என்று காலையும் மாலையும் மைதானத்திலேயே போயிற்று. புகைக்குள் மூச்சுவிட உதவும் மூச்சுக்கருவியின் பயிற்சிக்கென்று அட்டவணையில் இருந்த மாலைகளை அதற்காக எடுத்துக்கொண்டார்கள். கேட்டபோது, கருவியை நிலையத்துக்குப் போனதும் பழகிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது.

அணிவகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னாள் இராணுவத்தினர் ஒருவர் எழுதியிருப்பதுபோல, இரைச்சலுக்கு நடுவே ஒரே குரலைப் பிரித்துக் கேட்கவும், கேட்டதும் காரணம் கேட்காமல் செய்யவும் மைதானம் கற்றுத்தருகிறது. பம்பு ஓடும்போது, நீரை நிறுத்தச் சொல்லும் "நாக் ஆஃப்" என்ற குரல் காதில் விழுந்தாக வேண்டும். அதற்கு மூன்று வாரம் போதும்.

மூச்சுக்கருவிக்கு மூன்று வாரம் போதாது. இன்று பரவலாக உள்ள சிலிண்டர் 6.8 லிட்டர் கொள்ளளவு உடையது. 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2,000 லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று தாளில் வகுத்தால் 50 நிமிடம் வருகிறது. படியேறி, குழாயை இழுத்து, ஆளைத் தூக்கி, அதோடு பயந்தும் போயிருக்கிற இளைஞர் அதைப்போல் இரு மடங்கு இழுப்பார். காற்று பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். 50 பாரை ஒட்டி எச்சரிக்கை விசில் கத்தத் தொடங்கும்போது வெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் திரும்ப எண்ணினால் நேரம் போதாது. தன் நுரையீரல் எத்தனை நிமிடக்காரன் என்பதை ஒவ்வொருவரும் உடலால் அறிந்திருக்க வேண்டும். முகமூடியின் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டி, மேசை நாற்காலிகளைத் தாறுமாறாகப் போட்ட அறைக்குள் மண்டியிட்டு அனுப்பினால், முதல் நாளில் பாதிப்பேர் முகமூடியைப் பிய்த்தெறியப் பார்ப்பார்கள். சுவரைத் தொட்ட கையை எடுக்காமல், மற்றொரு கையின் புறங்கையால் முன்னே துழாவிக்கொண்டு போக வேண்டும். புறங்கை எதற்கென்றால், மின்கம்பியைத் தொட நேர்ந்தால் விரல்கள் மடங்கி அதைப் பற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பத்தாவது முறை அதே இளைஞர் நிதானமாக எண்ணிக்கொண்டே வெளியே வருவார். அந்தப் பத்து முறைக்கு நேரமில்லாமல் போனதுதான் என் குறை.

விடுதியே வேண்டாம் என்பவர்களும் இருப்பதெல்லாம் சரி என்பவர்களும் தங்கும் நேரத்தை என்ன செய்கிறோம் என்ற கேள்வியை விட்டுவிட்டே பேசுகிறார்கள்.

ஏப்ரல் 14, காலை 11.30

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். எங்கள் துறையில் சித்திரை முதல் நாளில் பாயசத்துக்கு முன்பு மலர்வளையம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டைகின் கப்பலில் பிடித்த தீயை அணைக்கச் சென்றபோது வெடித்ததில் 66 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அதனால்தான் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். பயிற்சி மையங்களிலும் இந்த நாளை அனுசரிப்பார்கள்.

கதையைச் சொல்கிறோம், மௌனம் காக்கிறோம். பாடத்தைச் சொல்கிறோமா என்பது என் ஐயம். நம் மாநிலத்தில் தீயணைப்பாளர்களைத் தீ மட்டுமல்ல, கட்டடமும் கொன்றிருக்கிறது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழைய கலஸ் மகால் எரிந்தபோது கூரை இடிந்து விழுந்து அலுவலர் ஒருவர் இறந்தார். தீயணைப்பு அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் படுகாயமடைந்தார். 2020 தீபாவளியன்று மதுரையில் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடை எரிந்தபோது சுவர் இடிந்து இரண்டு தீயணைப்பாளர்கள் இறந்தார்கள்.

நம் பழைய நகரங்களில் மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே செங்கல்லைச் சாய்த்துப் பதித்துச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் ஏராளம். கட்டை உள்ளே கருகிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் எதையும் காட்டாது. அதன்மேல் நாமே ஊற்றிய நீரின் எடையும் சேரும். கல் சுவரிலிருந்து உத்தரம் சிறிது விலகியிருப்பதையும், கதவுச் சட்டம் கோணியிருப்பதையும், பூச்சு பொடிப்பொடியாக உதிர்வதையும் பார்த்ததும் "வெளியே வா" என்று கத்தத் தெரிய வேண்டும். இதைப் புத்தகத்தில் கற்பிக்க முடியாது. அணிவகுப்பு ஒத்திகைக்குப் போகும் மாலைகளில் இரண்டை மட்டும் கொடுத்தால், பயிற்சி பெறுபவர்களைப் பழைய கடைவீதிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு கட்டடமாக அண்ணாந்து பார்க்க வைத்து, எது முதலில் விழும் என்று கேட்டுவிடுவேன். பிரெய்ட்வுட்டின் கொத்தனார்கள் நமக்குக் கிடைக்க மாட்டார்கள். கொத்தனாரின் கண்ணையாவது கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15, மாலை 6.40

"விடுதி, விடுதி என்கிறீர்களே, அந்த விடுதிதானே இத்தனை காலம் பெண்களை வெளியே நிறுத்தியது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. நியாயமான கேள்வி. நாகபுரியில் உள்ள தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956-இல் தொடங்கப்பட்டது. அதில் முதல் பெண்ணாக ஹர்ஷினி கான்ஹேகர் சேர்ந்தது 2002-இல். தமிழ்நாட்டில் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அலுவலர்களாகச் சேர்ந்தது 2003-இல். அதுவரை உடல்வலிமை என்று காரணம் சொன்னவர்கள் பலருடைய மனதில், தனிக் குளியலறை கட்ட வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது கட்டடம் கட்டித் தீர்க்க வேண்டிய குறை; பயிற்சி முறையை மாற்றித் தீர்க்க வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு தேர்வாகிற பெண்ணுக்கு என்ன வழி என்பதுதான் இதைவிடக் கடினமான கேள்வி. அவருக்கு அடுத்த அணியில் சேர உரிமை தர வேண்டும் என்பதே என் கருத்து. பணிமூப்பு அதனால் குறையக் கூடாது.

ஏப்ரல் 17, இரவு 9.10

உண்மையான தீயில் பழக்குகிறார்களா என்ற கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி நுரையால் அணைப்பதும், ஓலைக் கொட்டகை போட்டு எரித்து அணைப்பதும் எல்லா மையங்களிலும் நடப்பவை. மூடிய அறைக்குள் எரியும் தீ வேறு வகை. கூரையடியில் திரண்ட சூடான வாயு மொத்தமாகப் பற்றிக்கொள்ளும் கணத்தை வெளியில் எரியும் தட்டு ஒருபோதும் காட்டாது. சுவீடனில் 1980-களில் சரக்குப் பெட்டகங்களுக்குள் அதைப் பாதுகாப்பாகக் காட்டும் முறையை வளர்த்தார்கள். இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. நம்மிடம் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அந்தப் பெட்டகத்துக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் இதில் ஆர்வக்கோளாறு ஆளைக் கொன்றுவிடும். 2001-இல் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில்லில், புதிதாகச் சேர்ந்த இளைஞரை எரியும் வீட்டுக்குள் சிக்கியவராக நடிக்க வைத்தார்கள். தீ எதிர்பாராமல் பரவி அவர் இறந்தார். 2007-இல் பால்டிமோரில் பயிற்சிக்காகக் கொளுத்திய வீட்டில் பயிற்சியில் இருந்த பெண் ஒருவர் இறந்தார். பயிற்சித் தீக்குள் உயிருள்ள மனிதரை மீட்கப்பட வேண்டியவராக வைக்கவே கூடாது. மணல் நிரப்பிய பொம்மை போதும். நான் பயிற்றுநராக இருந்தபோதும், நடிக்கட்டும் சார், தத்ரூபமாக இருக்கும் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு.

இந்தப் பருவத்தில் தீயைவிட வெயில் பெரிய ஆபத்து. சித்திரை வெயிலில் கனத்த உடையோடு ஓட வைத்தால், பேச்சுக் குழறி, ஆள் தடுமாறத் தொடங்குவார். அந்த நிலையில் அவரை "நடிக்கிறான்" என்று அதட்டுகிற பயிற்றுநர் பயிற்சி மையத்தில் இருக்கத் தகுதியில்லாதவர். உடனே உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் நீரூற்றிக் குளிர்வித்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நீருக்குப் பஞ்சமில்லாத துறை நம்முடையது. 4,500 லிட்டர் வண்டி பக்கத்திலேயே நிற்கும்.

தண்டனையைப் பற்றி ஒரு வரி. தாமதமாக வந்தவரை மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொல்வது வேறு, நள்ளிரவில் மூத்தவர்கள் அறைக்கு வரவழைத்து வேடிக்கை பார்ப்பது வேறு. பின்னதை நான் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். தங்க வைக்கிறவர்கள் இரவுக்கும் பொறுப்பு; பயிற்றுநர் ஒருவராவது அதே கட்டடத்தில் படுக்க வேண்டும்.

ஏப்ரல் 20, காலை 9.00

பயிற்சிக்குச் சேர்பவர் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மையம் தரும் பட்டியல் இருக்கும். அதில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். பருத்திப் பனியன்களும் காலுறைகளும் சொன்ன எண்ணிக்கையைவிட இரண்டு மடங்கு. நைலான் வேண்டாம், வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டும். காலில் சேற்றுப்புண் வராமல் இருக்கப் பவுடர். கால் நகமும் கை நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், திருமண மோதிரமாக இருந்தாலும். ஏணிப் பயிற்சியில் மோதிரம் கொக்கியில் மாட்டினால் விரல் போய்விடும்.

10.5 மீட்டர் நீட்டிப்பு ஏணியைக் கண்டு முதல் வாரத்தில் பயப்படாதவர் யாரும் இல்லை. ஏணியின் அடி சுவரிலிருந்து, ஏறும் உயரத்தில் கால் பங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பதையும், கையில் கம்பத்தைப் பிடிக்காமல் படியைப் பிடிக்க வேண்டுமா என்ற பழைய சண்டையையும் அங்கேயே சொல்லித் தருவார்கள். பயிற்றுநர் சொல்கிறபடி பிடிக்கட்டும். இந்த இழையில் அந்தச் சண்டையைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 18,200 ரூபாயில் தொடங்கும் ஊதிய நிலை. மெஸ் செலவைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வரக் காகித வேலைகளால் சற்றுத் தாமதமாவது வழக்கம் என்பதால், வீட்டுச் செலவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

ஏப்ரல் 21, இரவு 8.55

நீச்சல் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்ட தம்பிக்கு.

கற்றுக்கொள்ளுங்கள், சேருவதற்கு முன்பே. துறையின் பெயரிலேயே மீட்புப் பணி இருக்கிறது; நிலையத்துக்குப் போனபின் தீ அழைப்பைவிடப் பாம்பும் கிணறும் அதிகமாக வரும் மாதங்கள் உண்டு. கிணற்றில் விழுந்த மாட்டை எடுக்கக் கயிற்றை நேரடியாக வயிற்றில் போட்டால், மாட்டின் எடையே கயிற்றைச் சதைக்குள் அழுத்திவிடும். நீர் கொண்டுபோகும் பழைய டெலிவரி ஹோஸை முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று என வயிற்றடியில் கொடுத்து, அதன் முனைகளைக் கயிற்றில் முடிவார்கள். அகலமான பட்டை என்பதால் அறுக்காது. அதை மாட்டின் வயிற்றடியில் கொண்டுபோய்ப் போடுகிறவர் மிரண்டு உதைக்கும் மாட்டோடு நீருக்குள் இருப்பார். அவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், இடுப்பில் தனிக் கயிறு இருக்க வேண்டும், மேலே அந்தக் கயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்.

நீச்சலைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டி என்றால் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கவே கூடாது. உள்ளே மயங்கிக் கிடப்பவரின் தம்பியோ மகனோ மேலே நின்று கதறினாலும் கருவி வரும் வரை இறங்கக் கூடாது. அப்படிப் பதறி இறங்கியவர்கள் ஒருவர்மேல் ஒருவராக இறந்து கிடப்பதைத்தான் நாம் திரும்பத் திரும்பச் செய்தித்தாளில் படிக்கிறோம். பயிற்சியில் இதைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே எழுந்து கேளுங்கள். கேட்டதற்காக மைதானத்தை ஒரு சுற்று ஓட வைத்தாலும் ஓடிவிட்டு வந்து மறுபடியும் கேளுங்கள்.